கடல் கடந்து கற்கச் செல்வோர்க்கு



கடல் கடந்து சென்று கற்க வேண்டும் என்னும் விருப்பம் இன்று நம் இளைஞர் பலருக்கு உண்டு. நகரத்துக் கல்லூரிகளில் பயில்வோர்க்கு மட்டுமன்றி, நாளைக்கு இருமுறையே பேருந்து வந்து போகும் சிற்றூர்களிலிருந்து படிக்க வருவோர்க்கும் உண்டு. அவ்விருப்பம் நல்லதே. அதைத் தடுப்பதற்காக நான் பேச வரவில்லை. தூண்டிவிடவும் வரவில்லை, அந்தத் தொழிலைச் செய்ய வேறு பலர் இருக்கின்றனர், அவர்களுடைய விளம்பரங்களைச் சுவர்தோறும் காண்கிறோம். போவதென்று முடிவு செய்துவிட்ட ஒருவர், புறப்படுவதற்கு முன்னுள்ள ஓராண்டுக் காலத்தை எவ்வாறு பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதைப் பற்றி மட்டும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் ஆசிரியப் பணி செய்தவன் நான். என்னிடம் பயின்றவர்களுள் சிலர் வெளிநாடு சென்றனர். சென்ற இடத்திலிருந்து எழுதினர். திரும்பி வந்தபோது வீட்டுக்கு வந்து பேசினர். அவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு நான் அறிந்துகொண்ட உண்மை ஒன்று உண்டு. அயல்நாட்டில் நம் மாணவரை இடறச் செய்வது பெரும்பாலும் பாடம் அன்று. பாடத்துக்கு அவர் இங்கேயே பழகியிருக்கிறார். அவரை இடறுவன மிகச் சிறிய செய்திகள்: யாரும் எடுத்துச் சொல்லாதவை, கேட்பதற்கு நாமும் கூசுபவை. இதற்கு ஒரு சான்று காட்டுகிறேன்.

1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள், கணித மேதை இராமானுஜன் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் 50 பவுன் ஊரில் இருந்த குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. நண்பர்களும் அதிகாரிகளும் அவருக்கு மேனாட்டு உடைகளுக்கு ஏற்பாடு செய்தனர். கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணப் பழக்கினர். குடுமியும் நீக்கப்பட்டது. இவ்வளவு முன்னேற்பாடுகள் நடந்தன.

அவர் கேம்பிரிட்ஜ் சேர்ந்த பின்னர், அங்கு மாணவராக இருந்த மகலநோபிஸ் ஒருநாள் அவரைக் காணச் சென்றார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஏற்படுத்தியவர் இவரே. இரவில் குளிர் எப்படி இருக்கிறது என்று அவர் வினவினார். மேலங்கியை அணிந்துகொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு உறங்குவதாகவும், அப்படியும் குளிர் தாங்கவில்லை என்றும் இராமானுஜன் கூறினார். போதிய கம்பளிகள் இல்லை போலும் என்று எண்ணி மகலநோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் வேண்டிய அளவு இருந்தன. ஆனால் அவை ஆங்கிலேயர் வழக்கப்படி மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பினால் மூடப்பட்டிருந்தன. விரிப்பையும் கம்பளியையும் விலக்கி, அவற்றின் உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

எண்களின் மறைபொருளை உலகுக்கு எடுத்துக் காட்டிய அறிவுக்கு இது எட்டவில்லையா என்று நகைத்தல் தகாது. பாயில் படுத்து வளர்ந்தவர் ஆங்கிலேயர் கட்டிலின் அமைப்பை எவ்வாறு அறிவார்? இராமானுஜன் 1917-இல் கடும் நோயுற்றார். 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் நோயின் காரணத்தைப் பற்றி மருத்துவ அறிஞர் வெவ்வேறு கருத்துகளைக் கூறுகின்றனர். போர்வைதான் காரணம் என்று நான் கூறவில்லை. எனினும் போர்க்காலத்து உணவுத் தட்டுப்பாடு, தாமே சமைத்து வேளை தவறி உண்டமை, குளிர், தனிமை ஆகிய யாவும் அவரை வாட்டின என்பது அவர் வரலாற்றில் தெளிவாகக் காணப்படுவது. அறிவு மிகுந்தவர்க்கும் இச்சிறிய செய்திகள் வேண்டும். இவற்றை முன்னரே அறிந்து பழகுவதையே நான் ஆயத்தம் என்கிறேன்.

உலகில் நாடுகள் பல. எல்லாவற்றையும் பற்றிப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் பயனிராது. ஆகவே எடுத்துக்காட்டாக ஜெர்மனியை மட்டும் கொள்கிறேன். அந்நாட்டுக்கும் நமக்கும் உறவு உண்டு. சென்னை கிண்டியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தோன்றியது. அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லாமையால் நடுத்தரக் குடும்பத்து மாணவர் பலர் இன்று அங்குச் செல்ல விரும்புகின்றனர். எல்லா இடத்திலும் இலவசம் என்று எண்ணிவிடலாகாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் என்னும் மாநிலம் 2017-ஆம் ஆண்டில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்க்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்டணம் விதித்தது. நீங்கள் விரும்பும் பல்கலைக்கழகத்தின் விதியை அப்பல்கலைக்கழகத்தின் அறிவிப்பிலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறர் வாய்மொழியை நம்பிப் பெட்டி கட்டுதல் கூடாது.

முதலாவது ஆயத்தம் சான்றிதழ்கள். இதில் தமிழ் மாணவர்க்கென்றே அமைந்த சிக்கல் ஒன்று இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக இட்டுக்கொள்கிறோம். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கும். பட்டச் சான்றிதழில் பின்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அதுவே தந்தையின் முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்னும் இடத்தில் அமர்ந்திருக்கும். மூன்றும் ஒருவரே என்பது நம் ஊரில் எல்லார்க்கும் தெரியும். அயல்நாட்டு அலுவலர்க்கு மூன்றும் மூவராகத் தோன்றலாம். ஆகவே ஓராண்டுக்கு முன்னரே எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு மேசையின் மேல் பரப்பி, பெயர், பிறந்த நாள், எழுத்துக்கூட்டல் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருப்பின் திருத்துவதற்கு அப்போது காலம் இருக்கும். விமானச் சீட்டு வாங்கிய பிறகு இராது.

ஜெர்மனிக்கு மாணவராகச் செல்லும் இந்தியர், தம் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். எனப்படும் கல்விச் சான்று ஆய்வு மையத்தில் அளித்து அதன் சான்றைப் பெறவேண்டும் என்னும் விதி 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கும் காலம் பிடிக்கும். விசாவுக்கும் காலம் பிடிக்கும். அக்டோபரில் வகுப்புத் தொடங்குமானால் முந்திய அக்டோபரிலேயே வேலையைத் தொடங்குதல் நலம். எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று உங்கள் கைப்பையில் இருக்கட்டும். ஒன்று வீட்டில் பெற்றோரிடம் இருக்கட்டும். ஒன்றைக் கணினி வழியே எங்கிருந்தும் எடுக்கத்தக்க இடத்தில் சேமித்து வையுங்கள்.

விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனடா நாட்டில் 2023-ஆம் ஆண்டு, இந்திய மாணவர் பலருக்கு நாடு கடத்தும் அறிவிப்பு வந்தது. அவர்கள் கொண்டு சென்ற கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி என்று சில ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டன. இடைத்தரகரை நம்பிக் காகிதங்களை ஒப்படைத்தோம், போலி என்று எமக்குத் தெரியாது என்று அம்மாணவர் முறையிட்டனர். படிப்பையும் முடித்து, வேலையிலும் அமர்ந்த பிறகு வந்த இடி அது. உதவி கேட்பது தவறன்று. ஆனால் உங்கள் பெயரில் போகும் காகிதத்தின் ஒவ்வொரு வரியையும் நீங்கள் படித்திருக்க வேண்டும். அனுமதிக் கடிதம் வந்ததும், அதை அனுப்பிய கல்லூரிக்கே நேராக எழுதி, அது மெய்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மின்னஞ்சல் எழுதும் உழைப்பு ஒரு குடும்பத்தைக் காக்கும்.

இரண்டாவது ஆயத்தம் பணம். ஜெர்மனிக்குச் செல்லும் மாணவர், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய தொகையை அந்நாட்டுக்கென அமைந்த தனிக்கணக்கில் முன்னரே செலுத்த வேண்டும். மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட அளவு மட்டுமே எடுக்கத்தக்க கணக்கு அது. 2024 செப்டம்பரில் அத்தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ என்று உயர்த்தப்பட்டது. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய். ஓராண்டுக்கே இவ்வளவு. படிப்போ பெரும்பாலும் இரண்டாண்டு.

இப்பணம் பல வீடுகளில் எங்கிருந்து வருகிறது? வங்கிக் கடனாக வருகிறது. தாயின் நகை அடகுக்குப் போகிறது; தந்தை கட்டிய வீட்டின் பத்திரம் வங்கியின் பெட்டிக்குள் போகிறது. இதை மகனும் மகளும் பலமுறை முழுதாக அறிவதில்லை. பிள்ளை மனம் வருந்தும் என்று பெற்றோர் மறைக்கின்றனர். கேட்டால் வருந்துவரோ என்று பிள்ளைகள் கேளாதிருக்கின்றனர். அன்பினால் விளையும் இம்மௌனம் பின்னர்த் துன்பமாக முடிகிறது. ஆகவே ஒருநாள் மாலை பெற்றோருடன் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள். இருபது இலட்சம் ரூபாய் கடன் என்றும், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து என்றும் கொள்வோம். இரண்டாண்டுப் படிப்பும், வேலை தேட ஓராண்டுத் தவணையும் கழிவதற்குள், தனி வட்டி மட்டுமே ஆறு இலட்சம் ஏறி நிற்கும். வேலை ஆறு மாதம் தாமதமானால் யார் கட்டுவது? யூரோவின் விலை ஏறினால் என்ன செய்வது? தந்தைக்கு உடல்நலம் குன்றினால் என்ன வழி? இக்கேள்விகளுக்கு விடை எழுதிய பின்னும் போகலாம் என்று தோன்றினால், மனத்தெளிவுடன் போகலாம். விடை கிடைக்காவிட்டால், ஓராண்டு இங்கே வேலை செய்து பொருள் சேர்த்துப் பின்னர்ப் போவதில் இழிவு ஒன்றுமில்லை. உதவித்தொகைகளையும் தேடுங்கள், 1925-இல் தோன்றிய ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற நிறுவனமாகிய டி.ஏ.ஏ.டி. அவற்றைப் பற்றிய விவரங்களைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது.

பகுதிநேர வேலை செய்து எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடலாம் என்று சிலர் கூறுவர். அதற்கும் எல்லை உண்டு. 2024 மார்ச்சில் அமைந்த விதிப்படி, அயல்நாட்டு மாணவர் அங்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். சென்ற உடனே வேலை கிடைக்கும் என்பது உறுதியன்று. அது கைச்செலவுக்குத் துணையாகலாம். கடனை அடைக்கும் வழி என்று அதனை நம்புதல் ஆகாது.

மூன்றாவது ஆயத்தம் கையால் செய்யும் வேலை. நம் வீடுகளில் படிக்கும் பிள்ளையை அடுக்களைப் பக்கம் வரவிடுவதில்லை. ஆண் பிள்ளையானால் சொல்லவே வேண்டாம். சோறு வடிக்க, பருப்பு வேகவைக்க, இரசம் கூட்ட, பாத்திரம் துலக்க, துணி துவைக்க, அறுந்த பொத்தானைத் தைக்க இந்த ஓராண்டில் கற்றுக்கொள்ளுங்கள். அம்மா ஒரு வாரம் ஊருக்குப் போயிருக்கும் சமயத்தில் நீங்களே சமைத்து வீட்டாருக்குப் பரிமாறிப் பாருங்கள். அதுவே உண்மையான நுழைவுத் தேர்வு. ஜெர்மனியில் மாணவர் விடுதிகளில் சமையலறை பொதுவாக இருக்கும். சமைத்தவரே துடைத்து வைக்க வேண்டும். குப்பையைக் காகிதம், கண்ணாடி, உணவுக்கழிவு எனத் தனித்தனியே பிரித்துப் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஓசை செய்யலாகாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடிக் கிடக்கும். சனிக்கிழமையே அரிசியும் காய்கறியும் வாங்காதவர் மறுநாள் பட்டினிதான்.

பெட்டியில் எதை வைப்பது என்பதிலும் அறிவு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால்பொருள்களும் கொண்டு செல்லுதல் கூடாது. பாட்டி ஆசையோடு உருக்கிக் கொடுத்த நெய்யும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே நின்றுவிடும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். பொடி வகைகளுக்கு அந்தத் தடை இல்லை. கனத்த குளிர் மேலங்கியை இங்கே வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை. அந்நாட்டுக் குளிருக்குத் தக்கது அங்கேதான் கிடைக்கும். ஒரே தடித்த உடையைவிட, மெல்லிய உடைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே குளிருக்கு ஏற்ற முறை. உள்ளே வெப்பமூட்டிய அறைக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் களையலாம்.

நான்காவது ஆயத்தம் மொழி. ஆங்கிலத்திலேயே நடைபெறும் பட்டமேற்படிப்புகள் ஜெர்மனியில் பல உண்டு. அதனால் ஜெர்மன் மொழி தேவையில்லை என்று கருதுவது தவறு. பேராசிரியர் ஆங்கிலம் பேசுவார். வீட்டுக்காரரும் பதிவு அலுவலரும் காய்கறி விற்கும் மூதாட்டியும் பேச வேண்டும் என்று என்ன கட்டாயம்? சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் அம்மொழியை முறையாகக் கற்பிக்கின்றனர். ஏ1, ஏ2, பி1 என்னும் படிகளில் குறைந்தது இரண்டையேனும் இங்கே ஏறிச் செல்லுங்கள். தமிழ் மாணவர்க்கு அதில் ஒரு வசதியும் உண்டு. நாம் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் வேறுபடுத்திச் சொல்வதுபோல, அவர்களும் 'டூ' என்றும் 'ஸீ' என்றும் கூறுவர். ஆங்கிலேயர்க்கு விளங்காத இம்மரியாதை நமக்கு முதல் பாடத்திலேயே விளங்கிவிடும்.

மொழியோடு சேர்ந்தது கடிதம். அந்நாட்டில் அரசாங்க அலுவல்கள் பல இன்னும் தபால் மூலமாகவே நடைபெறுகின்றன. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள், வீட்டுக்காரர் தரும் சான்றுடன் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் கதவு எண் இராது. தபால்பெட்டியின் மேல் உங்கள் பெயர் எழுதியிருந்தால்தான் கடிதம் வந்து சேரும். என் மாணவன் ஒருவன் பெயர் ஒட்டாமலே ஒரு மாதம் இருந்துவிட்டான். வங்கியிலிருந்து வந்த அட்டையும், காப்பீட்டு நிறுவனத்தின் கடிதமும் திரும்பிப் போயின. பணம் கணக்கில் இருந்தும், கையில் காசில்லாமல் நண்பரிடம் கடன் வாங்கினான். ஒரு துண்டுக் காகிதமும் பசையும் செய்திருக்கக்கூடிய வேலை அது. வானொலியில் பேசுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொது ஒலிபரப்புக்கென்று அங்கு வீட்டுக்கு வீடு கட்டணம் உண்டு. 2021-இல் அது மாதத்துக்கு 18.36 யூரோ ஆயிற்று. என்னிடம் வானொலிப் பெட்டி இல்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே புரியாத மொழியில் உள்ளது என்பதற்காக எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் வைக்காதீர்கள். அன்றே பிரித்து, தெரிந்தவரிடம் காட்டிப் பொருள் கேளுங்கள்.

ஐந்தாவதாக, வகுப்பறை வழக்கங்கள். நம் ஊரில் நூறு மதிப்பெண் உயர்வு. அங்கு ஒன்று என்பதே உயர்ந்த மதிப்பு, நான்கு வரை தேர்ச்சி, ஐந்து தோல்வி. நேர அட்டவணையில் 'சி.டி.' என்ற இரண்டெழுத்து இருந்தால் குறித்த மணிக்குக் கால் மணி நேரம் கழித்து வகுப்புத் தொடங்கும், 'எஸ்.டி.' என்றிருந்தால் குறித்த மணிக்கே தொடங்கும். தேர்வு எழுதுவதற்குத் தனியே பெயர் பதிவு செய்ய வேண்டும். வகுப்புக்குப் போனதனாலேயே தேர்வில் இடம் கிடைத்துவிடாது. ஒரே தேர்வில் எத்தனை முறை தோற்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வரம்பு கடந்தால் அப்படிப்பையே தொடர முடியாமற் போகும். பிறர் எழுதியதைத் தம் எழுத்துப்போல் காட்டுவது அங்குப் பெருங்குற்றம். ஆசிரியரிடம் கேள்வி கேட்பதோ குற்றமன்று. கேளாதிருப்பதையே அவர்கள் குறையாக எண்ணுவர். ஆகவே இந்த ஓராண்டில் உங்கள் கல்லூரி வகுப்பிலேயே எழுந்து நின்று வினாக் கேட்டுப் பழகுங்கள்.

ஆறாவது உடலும் உள்ளமும். புறப்படுமுன் பல்லையும் கண்ணையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமாக உண்ணும் மருந்திருந்தால் மருத்துவரின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே மாணவர்க்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆபத்தில் அழைக்க 112, காவலர்க்கு 110, இரவிலும் விடுமுறை நாளிலும் மருத்துவர்க்கு 116117 என்னும் எண்களை மனப்பாடம் செய்யுங்கள். டிசம்பர் மாதத்தில் பெர்லின் நகரத்தில் காலை எட்டு மணிக்குப் பின்னரே கதிரவன் எழுவான். மாலை நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடுவான். வெயிலில் வளர்ந்த நமக்கு அந்த இருளே ஒரு சோர்வைத் தரும். அச்சோர்வை நோய் என்று அஞ்சவும் வேண்டாம். ஒன்றுமில்லை என்று மறைக்கவும் வேண்டாம். பகல் ஒளி உள்ளபோது நாள்தோறும் வெளியே நடந்து வாருங்கள். மாணவர் நலப்பணி நிறுவனங்கள் அங்கு விடுதியும் உணவுச்சாலையும் நடத்துவதோடு, மனச்சோர்வுற்றோர்க்கு ஆலோசனையும் வழங்குகின்றன. போய்க் கேட்பதில் வெட்கம் இல்லை.

பெற்றோரிடம் பேசும்போது உண்மையைப் பேசுங்கள். "சாப்பிட்டாயா?" என்று தாய் கேட்டால் "சாப்பிட்டேன்" என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வேறுபாடு. நீங்கள் மாலை உணவை மறந்து படித்துக்கொண்டிருக்கும்போது அம்மா இங்கு நள்ளிரவில் விழித்திருப்பாள். ஒரு பாடத்தில் தோற்றால் அதையும் சொல்லுங்கள். மறைத்த தோல்வி ஒன்று, அடுத்ததையும் மறைக்கச் செய்யும். பெற்றோரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பிள்ளை தோல்வியைச் சொல்லும் அந்த நாளில் கடனை நினைவூட்டாதீர்கள்.

படிப்புக்கன்றிப் பயிற்சிக்கோ தொண்டுக்கோ செல்வோர்க்கு ஒரு சொல். யார் அழைக்கிறார், எங்கே தங்குவது, எத்தனை மணி நேரம் உழைப்பது, செலவு யாருடையது ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். விசா எந்த வேலைக்கோ அந்த வேலைக்கே செல்ல வேண்டும். 2022-இல் கணினி வேலை என்று ஆசை காட்டப்பட்டுத் தாய்லாந்து வழியாக மியான்மருக்குக் கொண்டு செல்லப்பட்ட இந்தியர் பலர், அங்கு அடைத்து வைக்கப்பட்டு இணைய மோசடிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் தமிழ் இளைஞரும் இருந்தனர். அரசின் முயற்சியால் மீண்டு வந்தனர். சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எவரேனும் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எந்நாட்டுக்குச் சென்றாலும் அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு உங்கள் முகவரியைத் தெரிவியுங்கள். மாணவர் பதிவுக்கென்று வெளியுறவு அமைச்சகம் 'மதத்' என்னும் இணைய வாயிலை அமைத்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் நாட்டில் போர் மூண்டபோது, ஆயிரக்கணக்கான இந்திய மாணவரைத் தாயகம் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆபத்து நேரும் நாளில் நம்மைத் தேடி வருவோர்க்கு, நாம் எங்கிருக்கிறோம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

நண்பர்களே, நான் கூறியவற்றுள் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்த்தல், கடனைக் கணக்கிடல், சோறு வடித்தல், கடிதத்தைப் பிரித்தல், தெரியாததைக் கேட்டல் ஆகிய இவை எல்லாம் இன்றே, இந்த ஊரிலேயே, காசு செலவில்லாமல் தொடங்கத்தக்கவை. நீங்கள் சென்று சேர்ந்த பிறகு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் உங்களைத் திகைக்கச் செய்த ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள். ஆறு மாதம் கழிந்தால் அவை உங்களுக்குப் பழகிவிடும். பழகியது மறந்தும் போகும். மறப்பதற்கு முன் அதை உங்கள் கல்லூரியில் அடுத்த ஆண்டு புறப்படும் மாணவர்க்கு அனுப்பி வையுங்கள். உங்களுக்குச் சொல்ல ஆளில்லாமற் போன செய்தி, அவருக்காவது காலத்தில் போய்ச் சேரட்டும்.